ஒரு பைட் இடைவெளி

ஓலசுண்ட் துறைமுகத்துக்கு மேலே, மூன்றாம் மாடி.
ஜூன் மாதம். இரவு பதினொன்றுக்கும்
திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வெளிச்சம்.
குன்வோர் எழுதுவது பக்கங்கள் அல்ல,
பொத்தான்கள் அல்ல;
அவற்றை எழுதுகிறவர்களின் எழுத்தை
உலாவிக்குப் புரியும் ஜாவாஸ்கிரிப்டாக
மாற்றித் தருகிற கம்பைலர்.

அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.
சுவருக்குள் ஓடும் குழாயை
யார் பார்க்கிறார்கள், கசியும்வரை?

வந்து விழுவதை முதலில் நறுக்கும்.
நறுக்கியதை மரமாக நிறுத்தும்,
வேர் மேலே, இலை கீழே.
மாறாத கிளையை ஒருமுறை செய்து ஓரமாய் வைக்கும்.
மாறுகிற இலைக்கு மட்டும் ஒரு காவல்.
யாரோ இரண்டு நாள் யோசித்து வைத்த
‘புறப்பாட்டுப்பலகை’ என்ற பெயர்
வெளியே வரும்போது வெறும் ‘டி’.

தோன்றல், திரிதல், கெடுதல் என்று
சொற்கள் புணர்கையில் மூன்று விகாரம் சொல்லும் நம் இலக்கணம்.
குன்வோருக்குத் தமிழ் தெரியாது.
செய்துகொண்டிருந்தது அந்த மூன்றையும்தான்.
மூன்றில் அவளுக்குப் பிடித்தது
கெடுதல்.

மார்ச்சில் ஒரு நாள்
குறிச்சொற்களுக்கு நடுவே கிடந்த
வெற்றிடத்தை எல்லாம் வழித்தெடுத்தாள்.
ஒவ்வொன்றும் ஒரு பைட்.
கோப்பு நூற்றுக்கு நான்கு மெலிந்தது.
ஆயிரத்து நானூற்றுப் பதினொரு சோதனையும் பச்சை.
அன்று தனக்குத் தானே
ஓர் ஏலக்காய் ரொட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

இப்போது மேசைமேல் ஒரு கடிதம்.
மின்னஞ்சல் இல்லை, தபால்தலை ஒட்டியது.
படகுக் கம்பெனியில் நான்கு மேசை மாறி
நனைந்த மூலையோடு வந்திருக்கிறது.

“எங்கள் தீவில் கடை என்னுடையது ஒன்றுதான்.
ஐஸ்பெட்டி செத்துவிட்டது.
பழுதுபார்க்க வரவேண்டிய ஐலிஃப்
உங்கள் பலகையில் 17:40 என்று பார்த்தாராம்,
வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.
அப்படி ஒரு படகு
என் ஐம்பத்தாறு வருடத்தில் ஓடியதே இல்லை.
இப்படிக்கு, சோல்பியோர்.”

ஒன்றாம் துறை. காலை 7:40.
நடுவில் இருந்தது
அவள் மார்ச்சில் வழித்தெறிந்தது.
ஒன்றும் ஏழும் எந்தச் சூத்திரமும் இல்லாமல் புணர்ந்து
காலையை மாலையாக்கின.
அந்த ஒன்று மட்டும் சற்றே தடித்த எழுத்து.
அரைத்தூக்கத்தில், கையில் கருவிப்பெட்டியோடு நிற்பவன்
எழுத்தின் தடிமனையா பார்ப்பான்?

கம்பைலர் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொன்னதைச் செய்தது.
சொன்னவள் இவள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் இன்னொன்று:
“மதியத்துக்குள் எல்லாம் உருகத் தொடங்கிவிட்டது.
பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினேன்.
ஒன்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்,
நாற்பத்திரண்டு டப்பா.
சிக்னே மட்டும் வாந்தி எடுத்தாள்.
எடுத்துவிட்டு மறுபடி வந்தாள்.
கோபமாய் எழுத நினைத்தேன், சரியாக வரவில்லை.”

குன்வோர் சிரித்தாள்.
பிறகு சிரிக்கலாமா என்று நினைத்தாள்.
அது ஐஸ்பெட்டி. வேறு பெட்டியாக இருந்திருந்தால்?
மருந்தின் அளவும் நாளுக்கு எத்தனை வேளை என்பதும்
அருகருகே நின்றிருந்தால்?
காபி ஆறிப்போகும்வரை
ஜன்னலுக்கு வெளியே கடற்காக்கைகளைப் பார்த்தாள்.

இரவு இரண்டு மணி, இன்னும் இருட்டவில்லை.
ஒரே வரியில் ஓடும் இரண்டு துண்டுகளுக்கு நடுவே
எத்தனை வெற்றிடம் இருந்தாலும்
ஒன்றை விட்டுவை.
பதினேழு வரி நிரல்.
பதினேழு என்று எண்ணி முடித்ததும்
முகம் சுளித்து ஒரு வரி குறைத்தாள்.

புதிய பதிப்பு போன மறுநாளே
பிரிஸ்பேனிலிருந்து ஒருவர் கேட்டார்:
கோப்பு ஏன் தடித்துவிட்டது?
பதில் எழுதத் தொடங்கினாள்,
தீவு, படகு, ஐலிஃப், சிக்னே...
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
‘வேண்டுமென்றேதான்’ என்று அனுப்பினாள்.

சோதனைகள் இப்போது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
கடைசியின் பெயர் ‘ஐஸ்கிரீம்’.
ஏன் என்று குறிப்பு எதுவும் இல்லை.

ஐலிஃபுக்கு இதெல்லாம் தெரியாது.
பலகை சரியாகக் காட்டுகிற இன்றைக்கும்
கவுண்டர் கண்ணாடியைத் தட்டி,
“காலையா, மாலையா?” என்று
ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்.